விழா மண்டபத்தில் ஒரு மேசை: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

அமெரிக்காவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தொலைபேசி, இணையக் கட்டணத்தில் மாதம் 9.25 டாலர் வரை கழித்துத் தரும் லைஃப்லைன் திட்டத்தைப் பற்றி இந்த மடலை எழுதுகிறோம். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உதவும் தன்னார்வலர்கள் நாங்கள்.

நம் சமூகம் என்றாலே மென்பொருள் வேலை, சொந்த வீடு, இரண்டு கார் என்று பேச்சு போய்விடுகிறது. முதியோர் குடியிருப்பில் எஸ்.எஸ்.ஐ. என்ற அரசு உதவிப் பணத்தில் காலம் தள்ளும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கேஸ் ஸ்டேஷனிலும் உணவகத்திலும் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஈழத்திலிருந்து தஞ்சம் கேட்டு வந்தவர்கள், மணமுறிவுக்குப் பின் குழந்தையோடு தனியாக வாழும் பெண்கள் இருக்கிறார்கள். இவர்களும் உங்கள் பொங்கல் விழாவுக்குத்தான் வருகிறார்கள். இவர்களுக்காக உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: விழா மண்டபத்தில் ஒரு மேசை. பணம் வேண்டாம். விவரம் தெரிந்த இரண்டு பேர் அரை மணி நேரம் பக்கத்தில் இருந்தால் தகுதியுள்ள விண்ணப்பம் பெரும்பாலும் நின்றுபோகாது. அந்த இரண்டு பேர் எதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறோம்.

இது நேற்று முளைத்த திட்டம் இல்லை. 1984-இல் ஏ.டி. அண்டு டி. என்ற தொலைபேசி நிறுவனம் உடைக்கப்பட்டபோது, வீட்டுத் தொலைபேசிக் கட்டணம் ஏறி ஏழைகள் இணைப்பை இழப்பார்கள் என்ற கவலை எழுந்தது. அதற்காக 1985-இல் எஃப்.சி.சி. என்ற கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையம் கொண்டுவந்ததுதான் லைஃப்லைன். பிறகு அது கைப்பேசிக்கும், 2016-க்குப் பின் இணையத்துக்கும் விரிந்தது. யூசாக் என்ற அமைப்பு இதை நிர்வகிக்கிறது. பணம், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செலுத்தும் பொதுச்சேவை நிதியிலிருந்து வருகிறது. அந்த நிதியே சட்டவிரோதம் என்று தொடர்ந்த வழக்கில், 2025 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் நிதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. "அந்தத் திட்டத்தையெல்லாம் நிறுத்திவிட்டார்களாமே" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வேறொன்றை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நின்றுபோனது ஏ.சி.பி. என்ற இணையச் சலுகை. மாதம் 30 டாலர் தந்த அந்தத் திட்டம் நிதி தீர்ந்து 2024 ஜூன் மாதம் முடிந்தது. லைஃப்லைன் நிற்கவில்லை. ஆனால் ஏ.சி.பி.யில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இது கிடைத்துவிடாது. அதன் வருமான வரம்பு வறுமைக்கோட்டில் 200 சதவீதம். லைஃப்லைனுக்கு 135 சதவீதம்தான்.

உள்ளே நுழைய இரண்டு வாசல் உண்டு. எந்த வாசல் என்று முதலில் முடிவு செய்யாமல் படிவத்தைத் தொடவே கூடாது.

முதல் வாசல், ஏற்கெனவே வாங்கும் அரசு உதவி. ஸ்நாப் என்ற உணவு உதவி, மெடிக்கெய்ட் என்ற மருத்துவ உதவி, எஸ்.எஸ்.ஐ., கூட்டாட்சி வீட்டு வசதி உதவி, முன்னாள் படைவீரர் அல்லது அவர் குடும்பத்துக்கான ஓய்வூதிய உதவி ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்று வீட்டில் ஒருவருக்கு இருந்தால் போதும். பழங்குடி நிலங்களில் வாழ்வோருக்குத் தனிப் பட்டியலும் கூடுதல் தொகையும் உண்டு. இந்த வாசலில் வருமானக் கணக்கே கேட்பதில்லை. அந்த ஒருவர் குழந்தையாகக்கூட இருக்கலாம். இங்கே பிறந்த குழந்தைக்கு மெடிக்கெய்ட் இருந்தால், அதைக் காட்டித் தாயோ தந்தையோ விண்ணப்பிக்கலாம். படிவத்தில் "தகுதிக்குக் காரணமானவர்" என்று குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் தனியாக எழுதும் இடம் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டுத் தகுதியில்லை என்று எழுந்து போகிறவர்கள் உண்டு.

இந்த இடத்தில் ஒலிப்பில் நெருங்கிய பெயர்கள் ஆளைக் கவிழ்த்துவிடும். மெடிக்கேர் வேறு, மெடிக்கெய்ட் வேறு. 65 வயதுக்கு மேல் வரும் மெடிக்கேர் அட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வாசல் திறக்காது. எஸ்.எஸ்.ஐ. வேறு, சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வேறு, எஸ்.எஸ்.டி.ஐ. என்ற ஊனமுற்றோர் காப்பீடு வேறு. இவற்றில் எஸ்.எஸ்.ஐ. மட்டுமே தகுதி, மற்ற இரண்டும் வெறும் வருமானமாகத்தான் எண்ணப்படும். குழந்தைகளுக்கான சிப் காப்பீடும் மெடிக்கெய்ட் ஆகாது. சில மாநிலங்களில் இரண்டையும் ஒரே பெயரில் நடத்துவதால் அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அனுமதிக் கடிதத்தில் மெடிக்கெய்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியில் இலவச மதிய உணவு, விக் என்ற தாய்சேய் உணவு உதவி, குளிர்கால எரிபொருள் உதவி ஆகியவை வாங்குகிறோம் என்பார்கள். பாவம், அவையும் இங்கே செல்லாது.

இரண்டாம் வாசல் வருமானம். 2025 வறுமைக்கோட்டுக் கணக்கின்படி, 48 மாநிலங்களிலும் தலைநகரிலும் தனியாள் என்றால் ஆண்டுக்கு 21,128 டாலர், இருவர் 28,553, மூவர் 35,978, நால்வர் 43,403 என்று வரம்பு இருந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு ஆளுக்கும் 7,425 டாலர் கூட்டிக்கொள்ள முடிந்தது. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் வரம்பு கொஞ்சம் அதிகம். ஒவ்வோர் ஆண்டு தொடக்கத்திலும் இந்த எண்கள் மாறும்; மேசையில் ஒட்டிவைக்கும் தாளை அப்போது மாற்றிவிடுங்கள்.

வருமானம் என்பது பிடித்தம் போக வங்கிக்கு வரும் தொகை இல்லை, பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம். ஒரு பே ஸ்டப்பை, அதாவது சம்பளச் சீட்டை, கையில் எடுத்து 2025 வரம்போடு பார்ப்போம். மொத்தச் சம்பளம் 820 டாலர், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மாதம் இரண்டு சம்பளம் என்று நினைத்து 24-ஆல் பெருக்கினால் 19,680 வரும். தனியாளுக்குத் தகுதி என்று தோன்றும். ஆனால் ஆண்டில் 52 வாரம், 26 சம்பளம். 26-ஆல் பெருக்கினால் 21,320 டாலர், அந்த 2025 வரம்பைத் தாண்டிவிட்டது. இந்த ஒரு பெருக்கலில் தவறிப் பொய்க் கணக்கு எழுதியவர்போல் ஆகிவிட வேண்டாம். பொய் சொன்னால் தண்டனைக்குரியது என்ற உறுதிமொழியின் கீழ்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். மாதத்துக்கு இரு முறை, அதாவது 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் என்று தருகிற முதலாளியாக இருந்தால் 24 சரி. ஸ்டப்பில் சம்பளக் காலத்தின் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும், அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது ஆதாரம். போன ஆண்டின் வரி அறிக்கை இருந்தால் அதுவே நல்லது, ஒரே தாளில் ஆண்டு முழுவதும் வந்துவிடும். சோஷியல் செக்யூரிட்டி தரும் ஆண்டுக் கடிதம், ஓய்வூதியக் கடிதம், வேலையின்மை உதவிக் கடிதம் ஆகியவையும் செல்லும். பே ஸ்டப் என்றால் ஒன்று போதாது. கடந்த 12 மாதங்களுக்குள் அடுத்தடுத்த மூன்று மாதங்களுக்கான ஸ்டப்கள் வேண்டும். இரு வாரச் சம்பளக்காரருக்கு ஆறோ ஏழோ தாள் வரும். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புவார்கள். கைப்பேசிச் செயலியிலிருந்து எடுத்த படத்தில் பெயரும் முதலாளி பெயரும் தேதியும் வெட்டுப்பட்டிருக்கும், அது ஆதாரமாகாது. அரசு உதவிக் கடிதத்திலும் இதே விதிதான்: பயனாளி பெயர், உதவியின் பெயர், கொடுத்த அலுவலகம், கடந்த 12 மாதத்துக்குள் இருக்கும் தேதி அல்லது இன்னும் முடியாத காலாவதித் தேதி. பெயரும் தேதியும் இல்லாத உணவு அட்டையின் படத்தை ஏற்றிவிட்டுக் காத்திருந்து பயனில்லை. பல சமயம் நேஷனல் வெரிஃபையர் என்ற கணினி அமைப்பு மெடிக்கெய்ட், வீட்டு வசதிப் பதிவுகளைத் தானே பார்த்து உடனே அனுமதித்துவிடும். அப்போது தாளே தேவைப்படாது. தேவைப்பட்டால் நான்கு மூலையும் தெரிய, நிழல் விழாமல் படம் எடுங்கள்.

இனி, நம்மவர்கள் மட்டும் விழும் பள்ளம் ஒன்று: பெயர்.

விண்ணப்பத்தில் எழுதும் முதற்பெயர், கடைசிப் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றைக் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். குடும்பப் பெயரே இல்லாத நமக்கு இது எப்படி ஆகிறது பாருங்கள். அவர் பெயர் மீனாட்சி, அப்பா சுந்தரம் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பள்ளியில் சு. மீனாட்சி. கடவுச்சீட்டில் மீனாட்சி சுந்தரம். கல்யாணத்துக்குப் பின் எடுத்த ஒரு தாளில் அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வந்திருக்கும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தவர் என்றால், விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து ஏறியிருக்கும், சொந்தப் பெயர் கடைசிப் பெயராகியிருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி. இத்தனையில் எதை எழுதுவது என்று கேட்டால் பதில் ஒன்றுதான். சோஷியல் செக்யூரிட்டி அட்டையை எடுத்து மேசையில் வையுங்கள். அதில் எந்த எழுத்து எந்த வரிசையில் இருக்கிறதோ, அதையே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் அந்தப் பிழையோடு எழுதுங்கள். பிழையைத் திருத்த வேண்டுமானால் முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் திருத்திவிட்டுப் பிறகு வாருங்கள். பிறந்த தேதியும் அப்படித்தான். வீட்டில் கொண்டாடும் பிறந்தநாளும் பள்ளியில் சேர்க்க எழுதிய தேதியும் வேறாக இருக்கும் பெரியவர்கள் நம்மிடம் நிறைய. பதிவில் உள்ள தேதியை எழுதச் சொல்லுங்கள்.

அப்படியும் ஒப்பீடு தவறினால் பதற வேண்டாம். கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், கிரீன் கார்டு போன்ற ஓர் அடையாள ஆவணத்தைக் கேட்பார்கள். கேட்டதை மட்டும் அனுப்பினால் போதும். சோர்ந்துபோய்ப் பெயரை மாற்றிப் புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடுகிறார்களே, அதுதான் சிக்கலைக் கூட்டுகிறது.

முகவரியில் தபால் பெட்டி எண் செல்லாது. குடியிருக்கும் இடம் வேண்டும். கடிதம் வேறிடத்துக்கு வர வேண்டுமானால் அதற்குத் தனி வரி உண்டு. அடுக்குமாடி என்றால் வீட்டு எண்ணை விடவே கூடாது. விட்டால் அதே கட்டடத்தில் ஏற்கெனவே லைஃப்லைன் வாங்கும் இன்னொருவரோடு முகவரி மோதி, "இந்த வீட்டில் ஒருவர் வாங்குகிறாரே" என்று விண்ணப்பம் நின்றுவிடும்.

அங்கேதான் ஹவுஸ்ஹோல்டு என்ற கேள்வி வருகிறது. ஒரு ஹவுஸ்ஹோல்டுக்கு ஒரே சலுகை. ஒரே முகவரியில் வாழ்ந்து, வரவையும் செலவையும் பங்கிட்டுக்கொள்பவர்கள் ஒரு ஹவுஸ்ஹோல்டு. கூரை ஒன்றாக இருந்தால் மட்டும் ஒன்றாகிவிடாது. உலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொன்னால் நம்மவர்களுக்குப் புரிந்துவிடும். ஓர் அறை வாடகைக்கு எடுத்து, தன் சாப்பாட்டையும் செலவையும் தானே பார்த்துக்கொள்ளும் நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தால் அவர்கள் நான்கு ஹவுஸ்ஹோல்டு. தகுதியுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கலாம். அதைச் சொல்வதற்கென்றே ஹவுஸ்ஹோல்டு வொர்க்‌ஷீட் என்ற படிவம், எண் 5631, இருக்கிறது. வேறு பெரியவர் உடன் இருக்கிறாரா, அவர் லைஃப்லைன் வாங்குகிறாரா, பணத்தைப் பங்கிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேட்கும். உண்மையைச் சொன்னால் போதும்.

மகன் வீட்டில் தங்கியிருக்கும் அப்பா அம்மா விஷயத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். மகன் சம்பளத்தில் குடும்பம் நடக்கிறது, ஒரே சமையல் என்றால் வருமான வாசலில் மகன், மருமகள் சம்பளமும் சேர்த்துத்தான் கணக்கு. "எங்களுக்கு வருமானமே இல்லை" என்று பெற்றோர் தனியாக எழுதுவது தவறு. அதே பெற்றோர் குடியுரிமை பெற்று எஸ்.எஸ்.ஐ. வாங்குகிறார்கள் என்றால் கதை வேறு, அவர்களுக்கு முதல் வாசல் இருக்கிறது. அப்போதும் அந்த வீட்டுக்கு ஒரு சலுகைதான்.

விண்ணப்பிக்க லைஃப்லைன்சப்போர்ட்.ஆர்க் தளம், அல்லது 5629 எண் படிவத்தைத் தபாலில் அனுப்புதல், அல்லது தொலைபேசி நிறுவனம் வழியாக. உதவி எண் 1-800-234-9473. கலிஃபோர்னியா, டெக்சஸ், ஆரிகன் மாநிலங்களில் இருப்பவர்கள் முதலில் தங்கள் மாநிலத் திட்டத்தின் தளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே வழி வேறாக இருக்கலாம். அனுமதி கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அனுமதி என்பது தகுதிச் சீட்டு மட்டுமே. 90 நாளுக்குள் அந்தப் பகுதியில் லைஃப்லைன் தரும் நிறுவனம் ஒன்றில் பெயரைச் சேர்க்க வேண்டும், இல்லையேல் மறுபடி முதலிலிருந்து. 9.25 டாலரைப் பயனாளி கையில் தருவதில்லை. நிறுவனம் கட்டணத்தில் கழிக்கும், அல்லது அந்தத் தொகைக்குள் அடங்கும் இலவசத் திட்டம் தரும். இணையம் சேராத வெறும் பேச்சுச் சேவைக்கு 5.25 டாலர்தான். கைப்பேசிக் கருவிக்கு லைஃப்லைன் பணம் தருவதில்லை. கருவி இலவசம் என்றால் அது அந்த நிறுவனம் தருவது, எவ்வளவு பழையது என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கடைவாசலில் கூடாரம் போட்டு, "இலவச டேப்லெட்" என்று கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குபவர்களிடம் எச்சரிக்கை தேவை. ஏற்கெனவே லைஃப்லைன் இருப்பவர் அங்கே கையெழுத்திட்டால், சலுகை புது நிறுவனத்துக்கு மாறிவிடும். வீட்டில் உள்ள பழைய போன் ஒரு நாள் பேசாமல் நின்றுவிடும்.

அடுத்துச் சொல்லப்போவது எங்களுக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். சலுகை கிடைத்த பெரியவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அதை இழந்து நிற்கிறார்கள். மாதக் கட்டணம் ஏதும் வாங்காத இலவசத் திட்டத்தில், 30 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் நிறுவனம் எச்சரிக்கை அனுப்பும். அடுத்த 15 நாளிலும் பயன்படுத்தாவிட்டால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது விதி. ஒரு அழைப்பு, ஒரு குறுஞ்செய்தி, கொஞ்சம் டேட்டா என ஏதாவது ஒன்று அந்த இணைப்பில் நடக்க வேண்டும். வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் பேசியது கணக்கில் வராது. இங்கேயே இருந்துகொண்டு வைஃபையில் மட்டும் பேசுபவர்களுக்கும் இது நேரும். மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஆறு மாதம் போகிறவருக்கு 45-ஆவது நாளிலேயே இணைப்பு போய்விடும். போவது சலுகை மட்டுமா? அந்த எண்ணும் போய்விடும். வங்கியும் மருத்துவமனையும் சோஷியல் செக்யூரிட்டிக் கணக்கும் ரகசிய எண் அனுப்புவது அந்த எண்ணுக்குத்தான். ஆகவே நீண்ட பயணம் என்றால், கிளம்பும் முன்பே அந்த எண்ணை மலிவான ப்ரீபெய்டு இணைப்புக்கு மாற்றிவைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்து லைஃப்லைனுக்குப் புதிதாக விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

தகுதி இன்னும் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் மறுசான்று ஒன்றும் உண்டு. யூசாக் முதலில் தன் பதிவுகளில் பார்க்கும். தெரியவில்லை என்றால் கடிதம் வரும். 60 நாளுக்குள் பதில் தராவிட்டால் பெயர் நீங்கிவிடும். விளம்பரத் தபால் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். வருமானம் உயர்ந்து தகுதி போனாலோ, முகவரி மாறினாலோ 30 நாளுக்குள் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டில் அடி உதைக்கு ஆளாகி வெளியேறும் பெண்ணுக்கு ஒரு தனி வழி இருக்கிறது என்பதையும் மேசையில் இருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டும். 2022-இல் வந்த சேஃப் கனெக்‌ஷன்ஸ் சட்டப்படி, கணவரின் குடும்பத் திட்டத்தில் இருக்கும் தன் எண்ணைப் பிரித்துத் தரும்படி அவர் கேட்கலாம். முறையான கோரிக்கை வந்த இரண்டு வேலை நாளுக்குள் நிறுவனம் பிரித்துத் தர வேண்டும். பணக் கஷ்டத்தில் இருந்தால் ஆறு மாதம் வரை அவசரகால லைஃப்லைனும் கிடைக்கும். இதற்கு வருமான வரம்பு 200 சதவீதம். இதைக் கூட்டத்தில் பேச வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள்.

மேசை எப்படி இருக்க வேண்டும்? தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த இரண்டு பேர், ஒரு மடிக்கணினி, நல்ல வெளிச்சம், 5629, 5631 படிவங்களின் அச்சுப் பிரதிகள். விழா அழைப்பிதழிலேயே "சோஷியல் செக்யூரிட்டி அட்டை, வரி அறிக்கை அல்லது மூன்று மாத பே ஸ்டப், உதவிக் கடிதம் கொண்டுவாருங்கள்" என்று ஒரு வரி போடுங்கள். படிவத்தில் ஒவ்வோர் உறுதிமொழிக்கும் எதிரே விண்ணப்பதாரரே தன் பெயரின் முதலெழுத்துகளை எழுத வேண்டும்; உதவுபவர் போடக் கூடாது. ஆனால் ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். யாருடைய எண்ணையும் சங்கத்தின் கணினியிலோ கைப்பேசியிலோ சேமிக்காதீர்கள். எடுத்த படத்தை அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். மறுசான்று மாதத்தை ஒரு சிறு அட்டையில் எழுதி அவர் கையில் கொடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்வார். குடிவரவு விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர் "இதனால் என் வழக்குக்குப் பாதிப்பு வருமா" என்று கேட்டால் மேசையில் இருப்பவர் பதில் சொல்லக் கூடாது; குடிவரவு வழக்கறிஞரிடம் அனுப்புங்கள்.

மேசையை நன்கொடைப் பலகைக்குப் பக்கத்தில் போடாதீர்கள். ஏழை என்று பெயர் எழுதிக்கொள்ள வந்ததுபோல் கூசி நிற்பார்கள். செருப்பு விடும் இடத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே, வருகிறவர் போகிறவர் இயல்பாக நிற்கும் இடத்தில், "போன் கட்டண உதவி" என்று மட்டும் எழுதி வையுங்கள். சித்திரை விழாவுக்கு மண்டபம் பதிவு செய்யும்போதே அந்த இடத்தில் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் பெரியவர்களுக்கு எண்ணை மாற்றிவைக்க அது சரியான நேரம்.

அன்புடன்,
படிவ உதவித் தன்னார்வலர்கள்